எரிமலைக் கண்ணாடி

கண்ணாடி என்றவுடன் மக்கள் நினைவிற்கு வருவன உலைக்களமும் தொழிற்சாலையுமே. மணலையும் சோடா உப்பையும் சுண்ணாம்பையும் கலந்து, பெருந்தீயிலிட்டு உருக்கி, அவ்வுருகலை ஆறச்செய்து மனிதன் கண்ணாடியைச் சமைக்கின்றான். இக்கலையை அவன் கற்றுச் சில ஆயிரம் ஆண்டுகளே ஆயின. ஆனால், மனிதன் இவ்வுலகில் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகட்கு முன்பே இயற்கை கண்ணாடி செய்யத் தொடங்கிவிட்டது. அதற்கு எரிமலையே உலைக்களம், பாறையே மூலப்பொருள், காற்றும் கடலும் பனியுமே அதனை ஆற்றும் கருவிகள். இவ்வாறு பிறந்த கண்ணாடி ஒரே வகையினது அன்று. கன்னங்கரேலென்று பளபளக்கும் கல்லும் அதுவே. நீரில் மிதக்கும் நுரைக்கல்லும் அதுவே. காற்றில் பறக்கும் பொன்னிற மயிரிழையும் அதுவே. வானூர்தியின் பொறியை வாயடைக்கச் செய்யும் நுண்டூளும் அதுவே. ஒரு பொருள் இத்தனை வடிவம் கொள்வது எங்ஙனம்?

கற்கண்டும் பாகும்

இதனை அறிய முதலில் கண்ணாடி என்பது யாது என்பதை அறிதல் வேண்டும். சருக்கரையை நீரிற் கரைத்துக் காய்ச்சி, அதில் நூலைத் தொங்கவிட்டுப் பல நாள் அசையாமல் வைத்தால், நூலைச் சுற்றிக் கற்கண்டு விளைகின்றது. அதன் ஒவ்வொரு கட்டியும் சமமான முகங்களும் கூரிய மூலைகளும் உடையது. சருக்கரையின் நுண்கூறுகள் அவசரமின்றி ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்குற அடுக்கி நின்றமையே அவ்வடிவிற்குக் காரணம். இத்தகைய ஒழுங்குடைய பொருளைப் படிகம் என்பர். அதே சருக்கரையைக் கெட்டிப் பாகாகக் காய்ச்சிக் குளிர்ந்த தட்டில் ஊற்றிவிட்டால் நிகழ்வது வேறு. நுண்கூறுகள் தத்தமக்குரிய இடத்தைத் தேடி அமர்வதற்குள் பாகு இறுகிவிடுகின்றது. கிடைப்பது ஒளி ஊடுருவும் வழவழப்பான மிட்டாய். அடித்தால் சில்லுச்சில்லாகத் தெறிப்பது. அதனுள் முகமும் இல்லை, மூலையும் இல்லை. திண்மையாயினும், உள்ளமைப்பில் நீர்மத்தின் ஒழுங்கின்மை அப்படியே உறைந்து கிடக்கின்றது. இதுவே கண்ணாடி நிலை.

பாறைக்கும் இவ்விதியே பொருந்தும். நிலத்தின் ஆழத்தில் உருகிக் கிடக்கும் பாறைக்குழம்பு அங்கேயே தங்கி, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மெல்ல மெல்ல ஆறுமாயின், அதிலுள்ள தாதுக்கள் கற்கண்டைப்போலப் பெரும்படிகங்களாக வளர்கின்றன. கிரானைட்டுக் கல்லை உற்று நோக்கினால், வெண்மையும் கருமையும் செம்மையுமாகப் புள்ளியிட்டாற்போலத் தோன்றுபவை அப்படிகங்களே. அதே குழம்பு எரிமலை வாயிலாக வெளிப்பட்டு, படிகம் வளர்வதற்கு வாய்ப்பின்றி இறுகுமாயின், எரிமலைக் கண்ணாடி பிறக்கின்றது.

படிகம் வளராமைக்குக் காரணம் இரண்டு. ஒன்று, விரைந்து குளிர்தல்; மற்றொன்று, குழம்பின் தடிப்பு. பாறைக்குழம்பில் மிகுந்துள்ள பொருள் சிலிகா. மணலின் பெரும்பகுதி இதுவே. சிலிகாவின் நுண்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலைபோற் பின்னிக்கொள்ளும் இயல்பின. சிலிகா மிகுமளவிற்குக் குழம்பின் தடிப்பும் மிகும். பசால்ட்டு என்னும் கரும்பாறையின் குழம்பில் சிலிகா ஏறத்தாழப் பாதியளவே உண்டு. அதன் வெப்பநிலை 1,100 முதல் 1,200 பாகை செல்சியசு வரை இருக்கும். ஆதலின் அஃது ஆற்றுநீர்போல் ஓடவல்லது. ரயோலைட்டு என்னும் பாறையின் குழம்பிலோ சிலிகா நூற்றுக்கு எழுபது பங்கிற்கு மேல் உள்ளது; வெப்பநிலையும் 700 முதல் 900 பாகை வரையே. அஃது ஓடுவதில்லை, பிசைந்த மாவைப்போல நகர்கின்றது. இத்தகைய குழம்பினுள் நுண்கூறுகள் இடம்பெயர்வதே அரிது. எனவே, திடுமெனக் குளிராவிடினும் அது கண்ணாடியாகிவிடுகின்றது. பசால்ட்டுக் குழம்போ நீரிலோ காற்றிலோ திடுமெனக் குளிர்ந்தாலன்றிக் கண்ணாடியாவதில்லை.

அப்சிடியன்

எரிமலைக் கண்ணாடிகளுள் தலைமை சான்றது அப்சிடியன் என்னும் கல்லாகும். எத்தியோப்பியாவில் இதனைக் கண்ட ஒருவரின் பெயராலேயே இக்கல் பெயர் பெற்றது என்று உரோமானிய அறிஞர் பிளினி எழுதியுள்ளார். கி.பி. 79ஆம் ஆண்டில் வெசூவியசு எரிமலை வெடித்தபோது உயிர் துறந்தவர் இப்பிளினியே.

அப்சிடியனின் நிறம் பெரும்பாலும் கருமை. கண்ணுக்குப் புலனாகாத இரும்புத் தாதுத் துகள்கள் உள்ளே விரவிக் கிடப்பதால் இக்கருமை உண்டாகின்றது. அவ்விரும்பு துருப்போல் மாறியிருப்பின் கல் செந்நிறமோ தவிட்டு நிறமோ கொள்ளும். மெல்லிய சில்லாக எடுத்து ஒளிக்கு எதிரே பிடித்தால், கரிய கல்லும் புகைநிறமாக ஒளியை உட்புக விடும். சிலவற்றில் கரிய பரப்பின்மீது வெண்பூக்கள் மலர்ந்தாற்போன்ற புள்ளிகள் காணப்படும். கண்ணாடிக்குள் காலந்தாழ்த்து வளர்ந்த படிகக் கொத்துகளே அப்பூக்கள். வேறு சிலவற்றில் நுண்ணிய குமிழிகளும் துகள்களும் அடுக்கடுக்காக அமைந்து, பொன்னொளியையோ வானவில்லின் நிறங்களையோ காட்டும்.

அப்சிடியன் உடையும் முறை தனிச்சிறப்புடையது. படிகங்கள் தம்முள் அமைந்த தளங்களின் வழியே பிளக்கும். கண்ணாடிக்குள் அத்தகைய தளங்கள் இல்லை. ஆகவே, அடிபட்ட இடத்திலிருந்து வெடிப்பு அலைபோற் பரவி, சிப்பியின் உட்புறம்போல வளைந்த பரப்புகளை உண்டாக்குகின்றது. அத்தகைய இருபரப்புகள் கூடும் விளிம்பு மிகமிகக் கூரியது. தேர்ந்த கைகள் உடைத்தெடுத்த அலகின் விளிம்பு, ஒரு மில்லிமீட்டரின் பதினாயிரத்தில் ஒரு பங்கினும் மெல்லியதாக அமைதல் உண்டு. எஃகுக் கத்தியின் விளிம்பை உருப்பெருக்கியின்கீழ் நோக்கினால் அது மரமறுக்கும் வாள்போலப் பற்கள் உடையதாகத் தோன்றும். அப்சிடியன் விளிம்போ அப்போதும் ஒரே கோடாகத் தோன்றும். ஆயினும், இக்கூர்மைக்கு இணையாக வலிமை இல்லை. சற்றே பக்கவாட்டில் அழுத்தினும் அது முறிந்துவிடும்.

கல்லைத் தேடிக் கடல் கடந்தோர்

உலோகங்களை அறியாத காலத்தில் மனிதனின் வாழ்வு கல்லின் விளிம்பைச் சார்ந்திருந்தது. வேட்டையாடவும், தோலை உரிக்கவும், இறைச்சியை அறுக்கவும், நாணலைக் கொய்யவும் கூரிய கல் இன்றியமையாததாக இருந்தது. அப்சிடியனோ எல்லா இடங்களிலும் கிடைப்பதன்று. ஆதலின் அதனைத் தேடி அக்கால மக்கள் நெடுந்தொலைவு சென்றனர். ஆப்பிரிக்காவில், கென்யா நாட்டு ஒலோர்கெசாய்லி என்னுமிடத்தில், ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுகட்கு முன் வாழ்ந்தோர் பல கிலோமீட்டர்த் தொலைவிலிருந்து அப்சிடியனைக் கொணர்ந்தமையை அகழாய்வு காட்டியுள்ளது.

அதனினும் வியப்பிற்குரிய சான்று கிரேக்க நாட்டில் உள்ளது. ஈசியன் கடலில் மீலோசு என்னும் எரிமலைத் தீவு இருக்கின்றது. அத்தீவின் அப்சிடியன், கிரேக்கப் பெருநிலத்தின் பிராங்க்தி என்னும் குகையில், பதின்மூவாயிரம் ஆண்டு என்னுமளவில் பழமையான மண்ணடுக்கில் கிடைத்தது. இடையிலிருப்பது நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. கல் தானாக நீந்தி வாராது. எனவே, பயிர்த்தொழிலையும் பானை வனைதலையும் அறியாத அம்மக்கள் கலம் ஒன்றைச் செலுத்தக் கற்றிருந்தனர் என்பது தெளிவாயிற்று. அவர்கள் ஊர்ந்த கலத்தின் ஒரு சிறு துண்டும் இன்று எஞ்சவில்லை. கைப்பிடியளவு கண்ணாடிச் சில்லுகளே அக்கடற்செலவிற்குச் சான்றாக நிற்கின்றன.

இக்கல் இத்தீவினதே என்று துணிவது எங்ஙனம்? ஒவ்வோர் எரிமலையின் குழம்பிலும் சில அரிய தனிமங்கள் வெவ்வேறு விகிதத்திற் கலந்துள்ளன. கண்ணாடி விரைவில் இறுகுவதால் அவ்விகிதம் கல் முழுதும் ஏறத்தாழ ஒரே சீராக இருக்கும். மனிதருக்குக் கைரேகை போல, எரிமலைக்கு இத்தனிமக் கணக்கு. 1964ஆம் ஆண்டில் கேன், ரென்பிரூ என்னும் அறிஞர் இருவர் இம்முறையை மத்தியதரைக் கடற்பகுதியின் அப்சிடியன்கட்குப் பயன்படுத்தி, பண்டை வாணிக வழிகளைக் காண வழி வகுத்தனர்.

அமெரிக்கக் கண்டங்களிலும் இக்கல் பெருமதிப்புற்றிருந்தது. எல்லோசுடோன் பகுதியில் அப்சிடியன் குன்று எனப்படும் செங்குத்தான பாறை உள்ளது. அக்குன்றின் கல், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன் வாழ்ந்தோர் எழுப்பிய ஒகையோ மாநிலத்து மேடுகளில், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் கண்டெடுக்கப்பட்டது. மெக்சிக்கோவில் பச்சூக்கா என்னுமிடத்துப் பசும்பொன் நிறக் கல்லே பெயர்பெற்றது. அசுடெக்கு வீரர் மரத்தடியின் இருபுறமும் அப்சிடியன் அலகுகளைப் பதித்துப் போர்க்கருவி செய்தனர். கல்லைத் தேய்த்து மெருகிட்டு முகம்பார்க்கும் ஆடியும் செய்தனர். ஆங்கில நாட்டு அறிஞர் சான் டீ என்பாருக்கு உரியதாயிருந்த கரிய ஆடியொன்று இலண்டன் மாநகரத்து அருங்காட்சியகத்தில் உள்ளது. அதுவும் பச்சூக்காக் கல்லே என்பது 2021ஆம் ஆண்டில் வெளியான ஆய்வினால் உறுதியாயிற்று.

நுரைக்கல்

சோடாப் புட்டியைத் திறந்தவுடன் நுரை பொங்கி வழிவதைக் காணாதார் இலர். மூடியிருக்கும்வரை அழுத்தத்தால் நீரிற் கரைந்து கிடந்த வளி, திறந்தவுடன் குமிழிகளாக வெளிப்படுகின்றது. பாறைக்குழம்பிலும் நீராவியும் பிற வளிகளும் இவ்வாறே கரைந்துள்ளன. குழம்பு மேலெழுந்து அழுத்தம் குறையக் குறைய, அவை கோடிக்கணக்கான குமிழிகளாகி விரிந்து, தடித்த குழம்பை நுரையாக்கி வானளாவ வீசியெறிகின்றன. அந்நுரை காற்றிற் குளிர்ந்து இறுகியதே நுரைக்கல். அதன் கனவளவிற் பெரும்பகுதி வெற்றிடமே; குமிழிகளின் மெல்லிய சுவர்கள் மட்டுமே கண்ணாடி. ஆதலின் கல்லெனப் பெயர் பெற்றும் அது நீரில் மிதக்கின்றது.

அங்ஙனமாயின், ஒரே வகைக் குழம்பு ஓரிடத்தில் நுரைக்கல்லாகவும் ஓரிடத்தில் குமிழியற்ற அப்சிடியனாகவும் ஆவது ஏன்? வளி வெளிப்படும் முறையே காரணம். அமெரிக்க ஒரிகன் மாநிலத்தில் நியூபெரி என்னும் எரிமலை உண்டு. ஏறத்தாழ 1,300 ஆண்டுகட்கு முன் அது பொங்கியபோது, முதலில் வளி மிகுந்த குழம்பு வெடித்துச் சிதறி நுரைக்கல் மழையாகப் பொழிந்தது. வளியை இழந்த எஞ்சிய குழம்போ ஓசையின்றி மெல்ல வழிந்து, பெரிய அப்சிடியன் ஒழுக்காக உறைந்தது. வளியுடன் நீரையும் இழந்தமையால் அது மேலும் தடிப்புற்றது. படிகம் வளர்வதற்கு இடமும் அற்றுப்போயிற்று. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர் வேறு வேறு இயல்பினராதல் போன்றது இது.

நுரைக்கல் மனிதனுக்கு நன்மையும் செய்யும்; இடரும் விளைக்கும். உரோமாபுரியில் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த பாந்தியன் கோயிலின் குவிமாடம் ஏறத்தாழ 43 மீட்டர் குறுக்களவு உடையது. இரும்புக் கம்பியின் துணையின்றியே அது இன்றுவரை நிற்கின்றது. மேலே செல்லச் செல்லக் கட்டுமானத்தின் எடை குறையவேண்டுமென்று, அதன் உச்சிப்பகுதிக் காரையில் நுரைக்கல் போன்ற இலேசான கற்களைக் கலந்தனர் அக்காலக் கொத்தர். இனி இடரைக் காண்போமாயின், 2021ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் சப்பான் நாட்டின் தெற்கே புக்குத்தொக்கு-ஒக்கானொபா என்னும் கடலடி எரிமலை வெடித்தது. அதன் நுரைக்கற்கள் மிதவைகளாகத் திரண்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஒக்கினாவாத் தீவுகளை இரண்டு திங்களில் அடைந்தன. துறைமுகங்கள் சாம்பல் நிறக் கல்லால் மூடுண்டன. படகுப் பொறிகள் குளிர்வதற்காக உறிஞ்சும் நீரோடு கற்களும் புகுந்து பொறிகளைப் பழுதாக்கியமையால், மீனவர் பலர் தொழிலுக்குச் செல்லவியலாது கரையிலேயே தங்க நேர்ந்தது.

வானில் மிதக்கும் கண்ணாடித் தூள்

நுரையின் குமிழிகள் மேலும் விரிந்து வெடித்தால், அவற்றின் சுவர்கள் நொறுங்கித் தூளாகின்றன. எரிமலைச் சாம்பல் எனப்படுவது இத்தூளே. சாம்பல் என்னும் பெயர் மயக்கம் தருவது. விறகு எரிந்த சாம்பல் மென்மையானது, நீரிற் கரையக்கூடியது. எரிமலைச் சாம்பலோ பெரும்பாலும் கூரிய முனைகளையுடைய கண்ணாடிச் சில்லுகளும், பாறைத் துகள்களும், படிகத் துணுக்குகளும் கலந்தது. அது கரையாது, உராய்ந்தால் எஃகையும் கண்ணாடியையும் தேய்க்கவல்லது.

இவ்வுண்மையை உலகம் 1982ஆம் ஆண்டு சூன் 24ஆம் நாள் இரவில் அச்சத்தோடு அறிந்தது. பிரித்தானிய வானூர்தி ஒன்று இருநூற்றறுபதுக்கு மேற்பட்ட மக்களுடன் கோலாலம்பூரிலிருந்து ஆத்திரேலியா நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. சாவகத் தீவின் அருகே, பதினொரு கிலோமீட்டர் என்னுமளவான உயரத்தில் பறந்தபோது, அதன் முகப்புக் கண்ணாடியில் விந்தையான ஒளி தோன்றியது. சற்று நேரத்தில் முதற்பொறி நின்றது, பின்னர் இரண்டாவது, அடுத்து எஞ்சிய இரண்டும். நான்கு பொறிகளும் அவிந்த வானூர்தி கடலின்மீது இருளில் மெல்ல இறங்கத் தொடங்கிற்று. காரணம் யாதென்று ஓட்டுநருக்கு விளங்கவில்லை. கலுங்குங் எரிமலை அன்றிரவு வெளியிட்ட சாம்பல் முகிலினுள் அவ்வானூர்தி புகுந்திருந்தது. ஈரமற்ற அம்முகில், மழைமுகிலைக் காட்டும் ரேடார்க் கருவிக்குப் புலப்படவில்லை.

பொறியினுள் நிகழ்ந்தது யாதெனில், சாம்பலிலுள்ள கண்ணாடி ஏறத்தாழ 1,100 பாகை வெப்பத்தில் இளகி உருகும். வானூர்திப் பொறியின் எரியறையோ அதனினும் மிகுந்த வெப்பம் உடையது. உள்ளே புகுந்த தூள் அங்கே உருகி, சுழலும் அலகுகளின்மீது பூச்சுப்போல் ஒட்டி, காற்றின் வழியை அடைத்துவிட்டது. பொறிகள் மூச்சுமுட்டி நின்றன. ஆனால், இடுக்கண் விளைத்த அவ்விதியே மீட்சியும் அளித்தது. பொறி நின்றவுடன் உட்புறம் குளிர்ந்தது. உருகியிருந்த பூச்சு மீண்டும் கண்ணாடியாக இறுகியது. இறுகிய கண்ணாடி எளிதில் முறியும் இயல்பினது ஆதலின், அதன் பகுதிகள் உடைந்து உதிர்ந்தன. வானூர்தி சாம்பல் முகிலுக்குக் கீழே இறங்கியபோது, இடைவிடாது முயன்ற ஓட்டுநரின் கையில் பொறிகள் மீண்டும் உயிர்பெற்றன. முகப்புக் கண்ணாடி தூளால் தேய்ந்து மங்கியிருந்தமையால் எதிரே பார்ப்பதே அரிதாயிற்று. எனினும் அவர்கள் சகார்த்தா நகரில் நலமே தரையிறங்கினர். ஓருயிரும் மடியவில்லை.

அதன்பின் 1989ஆம் ஆண்டு திசம்பரில் அலாசுக்காவில் ரிடௌட்டு எரிமலையின் சாம்பலால் மற்றொரு வானூர்திக்கும் இவ்வாறே நேர்ந்து, அதுவும் தப்பியது. இவற்றால் விழிப்புற்ற நாடுகள் ஒன்றுகூடி, எரிமலைச் சாம்பலைக் கண்காணித்து வானூர்திகட்கு எச்சரிக்கை விடுக்கும் ஒன்பது மையங்களை உலகெங்கும் அமைத்தன. 2010ஆம் ஆண்டு ஏப்பிரலில் ஐசுலாந்தின் எரிமலையொன்று சாம்பலைக் கக்கியபோது, ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பல நாள்கள் வானூர்திகள் பறவாது நிறுத்தப்பட்டது இவ்விழிப்பின் பயனேயாம்.

பெலேயின் கூந்தல்

பசிபிக்குப் பெருங்கடலின் நடுவே உள்ள அவாய்த் தீவுகளின் எரிமலைகள் பசால்ட்டுக் குழம்பை வெளியிடுவன. தடிப்பற்ற அக்குழம்பு நெருப்பு ஊற்றாகப் பீறிட்டு எழும். 1959ஆம் ஆண்டில் கிலாவேயா இக்கி என்னும் வாயிலிருந்து எழுந்த ஊற்று 580 மீட்டர் உயரம் எட்டியது. அவ்வாறு எழும் துளிகளைக் காற்று இழுத்து நீட்டும்போது, அவை மயிரினும் மெல்லிய கண்ணாடி இழைகளாகின்றன. திருவிழாக் கடைகளில் பஞ்சுமிட்டாய் செய்வோன் உருகிய சருக்கரையைச் சுழலவிட்டு இழையாக்கும் முறையும் இதுவே. பொன்னிறமான அவ்விழைகள் காற்றில் பல கிலோமீட்டர் பறந்து சென்று மரக்கிளைகளிலும் வீட்டுக் கூரைகளிலும் படியும். அவாய் மக்கள் எரிமலைக்குரிய தெய்வத்தைப் பெலே என்பர். ஆதலின் இவ்விழைகள் பெலேயின் கூந்தல் எனப் பெயர் பெற்றன. காண்பதற்கு அழகியதாயினும் இக்கூந்தலைக் கையால் தொடலாகாது. கண்ணாடி முறிந்து தோலிலும் கண்ணிலும் தைக்கும்.

இழையாக நீளாது துளியாகவே இறுகியவை பெலேயின் கண்ணீர் எனப்படும். கரிய முத்துப்போன்ற துளியின் வாலாக ஓர் இழை ஒட்டியிருப்பதும் உண்டு. குழம்பு கடலில் விழுமிடத்தில் நீர் திடுமென ஆவியாகி, குழம்பைக் குமிழிபோல் ஊதி வெடிக்கச் செய்யும். அக்குமிழியின் சுவர்த்துண்டுகள் பாசியிலைபோல் மெல்லிய தகடுகளாகப் பறக்கும். அவற்றைப் பெலேயின் கடற்பாசி என்பர்.

நெருப்பு ஊற்றில் நுரைத்த பசால்ட்டு சில வேளைகளில் ரெட்டிகுலைட்டு என்னும் அரிய கண்ணாடியாகின்றது. இதில் குமிழிச் சுவர்களும் வெடித்து மறைய, சுவர்கள் கூடிய விளிம்புகள் மட்டுமே தேன்கூட்டின் சட்டம்போல் நிற்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கிற்கு மேல் இதில் வெற்றிடமே. கைந்நிறைய எடுத்தாலும் கனம் தோன்றாது. இத்துணை இலேசான கல்லும் நீரிலிட்டால் அமிழ்ந்துவிடும் என்பது விந்தை. நுரைக்கல்லின் குமிழிகள் பெரும்பாலும் மூடிய அறைகள், அவற்றிலுள்ள காற்று எளிதில் வெளியேறாது, ஆதலின் மிதக்கும். ரெட்டிகுலைட்டோ எல்லாப் பக்கமும் திறந்த வலை, நீர் உடனே புகுந்துவிடும், ஆதலின் அமிழும்.

கடலின் அடியிலும் பசால்ட்டுக் குழம்பு ஓயாது வெளிப்படுகின்றது. அது தலையணைபோல் உருண்டு திரளும்போது, குளிர்ந்த நீர் பட்ட மேற்புறம் மட்டும் கண்ணாடித் தோலாக இறுகும். உட்புறம் மெல்ல ஆறிப் படிகப்பாறையாகும். இவ்வாறு ஒரே கல்லில் விரைவின் விளைவும் பொறுமையின் விளைவும் அருகருகே காணப்படுகின்றன.

நீர் உண்ட கண்ணாடி

அப்சிடியனில் நீர் நூற்றுக்கு ஒரு பங்கிற்கும் குறைவு. நெடுங்காலம் மண்ணில் கிடக்கும்போது ஈரம் மெல்ல மெல்ல அதனுட் புகும். அவ்வாறு நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்கு வரை நீர் உண்ட கண்ணாடியே பெர்லைட்டு. வெங்காயத் தோல்போல் ஒன்றனுள் ஒன்றாக அமைந்த வளைந்த வெடிப்புகள் அதற்கு முத்தின் ஒளியைத் தருகின்றன. அவ்வெடிப்புகட்கு நடுவே நீர் புகாத அப்சிடியன் உருண்டைகள் எஞ்சி நிற்பதும் உண்டு. பெர்லைட்டைப் பொடித்து ஏறத்தாழ 850 முதல் 900 பாகை வரை சூடேற்றினால், கண்ணாடி இளக, உள்ளிருக்கும் நீர் ஆவியாகி அதனை ஊதிப் பெருக்கும். நெல் பொரிவதுபோல் அது பொரிந்து வெண்ணிறமாகிப் பல மடங்கு பருக்கின்றது. இப்பொரி வெப்பத்தைத் தடுக்கும் சுவர்ப்பூச்சிற்கும், செடிகளின் வேர்கட்குக் காற்றோட்டம் தரும் மண்கலவைக்கும் பயன்படுகின்றது. பண்டை மக்கள் அப்சிடியனைத் தேடிச் சென்ற மீலோசுத் தீவிலேயே இன்று பெர்லைட்டு மிகுதியாக வெட்டி எடுக்கப்படுகின்றது.

இன்னும் மிகுந்த நீரையுடையதும், கீல்போல் மங்கிய பளபளப்புடையதுமான கண்ணாடி ஒன்றுண்டு. அதனைக் கீற்கல் எனலாம். இசுகாத்துலாந்தின் ஆரன் தீவில் கிடைக்கும் கீற்கல்லைப் புதிய கற்கால மக்கள் கருவிகட்குப் பயன்படுத்தினர். பசால்ட்டுக் கண்ணாடி நீருடன் கூடி மாறும்போது பாலகோனைட்டு என்னும் மஞ்சள் கலந்த தவிட்டுநிறப் பொருளாகின்றது. 1963ஆம் ஆண்டு நவம்பரில் ஐசுலாந்தின் அருகே கடலிலிருந்து சர்ட்சி என்னும் புதுத்தீவு எழுந்தது. அதன் உதிரியான கண்ணாடிச் சாம்பலை அலைகள் சில ஆண்டுகளில் அரித்து அழித்துவிடும் என்று தோன்றிற்று. ஆயினும், உள்ளிருந்த வெப்பமும் நீரும் சேர்ந்து அச்சாம்பலைப் பாலகோனைட்டாக மாற்றிக் கெட்டியான பாறையாகப் பிணைத்தன. ஆதலின் அத்தீவின் நடுப்பகுதி இன்றும் கடலை எதிர்த்து நிற்கின்றது.

காலம் எழுதும் கணக்கு

கண்ணாடி நிலை நிலையானதன்று. ஒழுங்கின்றி உறைந்த நுண்கூறுகள் இலட்சக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல இடம்பெயர்ந்து படிகங்களாகத் திரும்பிவிடுகின்றன. நீரும் வெப்பமும் அம்மாற்றத்தை விரைவுபடுத்தும். அதனாலேயே நிலவுலகின் மிகப் பழைய பாறைகளிடையே எரிமலைக் கண்ணாடி அரிதாகக் காணப்படுகின்றது.

இம்மாற்றத்தையே அறிஞர் காலக்கணக்கிற்குக் கருவியாக்கினர். மனிதன் அப்சிடியனை உடைத்துக் கருவி செய்த அன்று ஒரு புதுப்பரப்பு தோன்றுகின்றது. அன்று முதல் ஈரம் அதனுட் புகத் தொடங்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல ஈரம் புகுந்த அடுக்கின் தடிப்பு மிகும். அவ்வடுக்கை உருப்பெருக்கியால் அளந்து, இடத்தின் வெப்பநிலையையும் கல்லின் கூறுகளையும் கருதினால், கருவி செய்யப்பட்ட காலத்தை மதிப்பிடலாம். 1960ஆம் ஆண்டில் பிரீட்மன், சுமித்து என்னும் அமெரிக்க ஆய்வாளர் இம்முறையை வெளியிட்டனர்.

நீரும் காற்றும் அற்ற நிலவிலோ கண்ணாடி முதுமை அடைவதில்லை. 1972ஆம் ஆண்டு திசம்பரில் அப்பல்லோ 17 கலத்திற் சென்ற நிலவியல் அறிஞர் சுமித்து என்பார், சாம்பல் நிறமான நிலவுத்தரையில் செம்மஞ்சள் நிற மண்ணைக் கண்டு வியந்தார். அம்மண் நுண்ணிய கண்ணாடி மணிகளால் ஆயது. 350 கோடி ஆண்டுகட்கு முன் நிலவில் எழுந்த நெருப்பு ஊற்றின் துளிகளே அம்மணிகள். அவாய்த் தீவின் பெலேயின் கண்ணீருக்கு அவை உறவினவாம். நிலவு முற்றும் வறண்டது என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2008ஆம் ஆண்டில் அப்பல்லோ கலங்கள் கொணர்ந்த எரிமலைக் கண்ணாடி மணிகளை மீண்டும் ஆய்ந்தபோது, அவற்றுள் நீரின் சிறு அளவு சிறைப்பட்டிருந்தமை தெரிய வந்தது. நிலவின் உட்பகுதி முழுதும் வறண்டதன்று என்பதை அச்சிறு மணிகளே உணர்த்தின.

விரைந்து இறுகியமையால் கண்ணாடி படிகத்தின் ஒழுங்கை இழந்தது. ஆனால், அவ்விரைவினாலேயே தான் பிறந்த கணத்தின் செய்தியைத் தன்னுள் காத்து வைத்தது. குழம்பிலிருந்த வளியும், எரிமலையின் தனிமக் கணக்கும், கல்லை உடைத்த கையின் காலமும் அதனுள் அடங்கிக் கிடக்கின்றன. காலடியிற் கிடக்கும் கரிய சில்லு ஒன்றைப் பொறுமையோடு ஆய்வோருக்கு, அது கடல் கடந்த மனிதனின் துணிவையும் கூறும். நிலவின் இளமைக் கதையையும் கூறும்.